ஈப்போவில் சூஷி: ஐந்து பேர், ஒரு பில்

14 செப்டம்பர் 2025, காலை 9.10 (வாசகர் கேள்வி)

நான் சுங்கை சிப்புட். செவ்வாய்க்கிழமை மலேசியா தின லீவு. கூடப் படிச்சவங்க ஐந்து பேர் ஈப்போவுக்குப் போய் ஜப்பானியக் கடையில சாப்பிடலாம்னு பேச்சு. ஒருத்தர் சைவம், ஒருத்தர் மலாய்க்காரர், மத்தவங்க மாடு சாப்பிட மாட்டோம். யாருக்கும் மெனு புரியாது. என்ன வாங்குறது? வீட்டுல, தோட்டத்துல பொறந்தவனுக்கு எதுக்குடா பச்சை மீனு, வாழையிலைக் கடைக்குப் போங்கடான்னு திட்டு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

14 செப்டம்பர், பிற்பகல் 2.30

போய்ட்டு வாங்க தம்பி. நானும் உங்கள் ஊர்தான். அப்பா பால்மரம் வெட்டியவர். நாங்களும் ஐந்து பேர்: நான், லாரி ஓட்டுகிற ஒருவன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், செம்பனைக் குலை வெட்டுகிற ஒருவன், இடைநிலைப்பள்ளியில் எங்களோடு சேர்ந்துகொண்ட மலாய் நண்பர் ஒருவர். அவர் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். நான்கு வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு காரில் ஈப்போவுக்குப் போகிறோம். அரை மணி நேரம்தானே.

வீட்டில் திட்டினால் இதைச் சொல்லுங்கள். சூஷி என்றால் வினிகர் சேர்த்த சோற்றை மீனோடோ காய்கறியோடோ பிடித்து வைப்பது. தட்டுகள் சுற்றி வரும் சூஷிக் கடை 1958இல் ஒசாகா பக்கத்தில் தொடங்கியது. தொடங்கியவர் ஷிராயிஷி யோஷியாகி. சுற்றிலும் பட்டறைகளும் சின்னத் தொழிற்சாலைகளும் இருந்த இடம், சாப்பிட வந்தவர்கள் வேலையாட்கள். நிறைய ஆள் வைத்துப் பரிமாறினால் அவர்களுக்கு விலை கட்டாது. பீர் ஆலையில் போத்தல்கள் ஓடும் பட்டையில் வரிசையாக வருவதைப் பார்த்தவர், சூஷித் தட்டையும் அப்படி ஓடவிட்டால் என்ன என்று யோசித்திருக்கிறார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்குப் பிறகு அந்த முறை பரவலாகத் தெரிய ஆரம்பித்தது. அதற்கும் முன்னால், 1800களின் தொடக்கத்தில், தோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், சூஷி தெருவோரக் கடையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிற தீனி. கூலிக்காரர் சாப்பிட்டு வளர்ந்த சாப்பாடு, நமக்கும் ஆகும்.

சரி, என்ன வாங்குவது. பச்சை மீன் பிடிக்காதவர்களுக்குச் சமைத்ததே பாதி மெனு இருக்கும். ரொட்டித்தூள் தடவிப் பொரித்த சிக்கன் கட்சு, இனிப்புச் சோயா சாஸ் தடவிய தெரியாக்கி சிக்கன், உடோன் என்கிற தடித்த நூடுல்ஸ், சவான்முஷி என்கிற, அடித்து ஆவியில் வேகவைத்த முட்டை, காய்கறித் தெம்புரா. தெம்புராவைப் பார்த்தால் நம் பஜ்ஜியின் ஒன்றுவிட்ட தங்கச்சி போல இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக ஜப்பானுக்குப் போன பொரியல் முறை அது.

சைவ நண்பருக்கு வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மக்கி, இனிப்பான டோஃபுப் பைக்குள் சோறு வைத்த இனாரி, உப்புப் போட்டு அவித்த எடமாமே. இது பச்சைச் சோயா மொச்சை, தோலை வாயில் வைத்து இழுத்தால் பருப்பு வந்துவிடும். அப்புறம் மிசோ சூப், அதில் டோஃபுவும் கடல்பாசியும்தான், பயமில்லை.

மலாய் நண்பருக்காக வாசலில் ஜாக்கிம் (மலேசிய அரசின் இஸ்லாமியத் துறை) ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். ராமென் என்கிற நூடுல்ஸ் சூப் கடைகள் பலவற்றில் பன்றி எலும்பு சூப். சில சாஸ்களில் மிரின் என்கிற இனிப்பு அரிசி மது சேரும். ஹலால் கடையில் நமக்கு இன்னொரு கவனம் வேண்டும், அங்கே மாடு தாராளமாக இருக்கும். கறிச்சோறு சிக்கன் என்று போட்டிருந்தாலும் கேட்டுவிடுங்கள். அந்தக் குழம்புக்குக் கரைக்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகள் சிலவற்றில் மாட்டுக்கொழுப்பு கலந்திருக்கும்.

14 செப்டம்பர், இரவு 10.15

காசு பற்றிச் சொல்லாமல் விட்டேன். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் இருந்தால் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், ஆறு விழுக்காடு சேவை வரி. நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) சாப்பிட்டால் நூற்றுப் பதினாறு கிட்ட வரும். பில் வந்ததும் ஐந்தால் வகுத்து ஆளுக்குச் சமமாகப் போட்டுவிடுங்கள். தட்டை எண்ணிக்கொண்டிருந்தால் நட்புக்கு அழகாக இருக்காது. நாங்கள் எப்போதும் அப்படித்தான்.

15 செப்டம்பர், காலை 6.50

முக்கியமான திருத்தம். மிசோ சூப் சைவம் என்று நேற்று எழுதினேன், அது தப்பு. எங்கள் ஆசிரியைத் தோழி படித்துவிட்டு ராத்திரியே கேட்டார், "அந்தச் சூப்புல மீன் வாடை வருமே, கவனிச்சதில்லையா?" தேடிப் படித்தேன். சூப்பின் அடித்தண்ணீருக்கு தாஷி என்று பெயர். பெரும்பாலும் அதை கட்சுவோபுஷியில் எடுக்கிறார்கள். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டைபோல் காயவைத்துச் சீவினால் கட்சுவோபுஷி. நம்மில் சிலர் வீட்டுச் சம்பலில் இடித்துப் போடும் மாசிக்கருவாடு இருக்கிறதே, அதே சூரை மீன், ஏறக்குறைய அதே வேலை. இரண்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் இன்னும் பலதும் போச்சு. உடோன் சூப், தெம்புராவுக்கு வைக்கும் தொட்டுக்கொள்ளும் சாறு, சவான்முஷி எல்லாவற்றிலும் தாஷி. இனாரிப் பையைக்கூடச் சில கடைகளில் தாஷியில்தான் வேகவைக்கிறார்கள். தெம்புரா மாவில் முட்டை இருக்கலாம், இறால் பொரித்த அதே எண்ணெயாகவும் இருக்கலாம். வெள்ளரிக்காய்ச் சுருள், அவகாடோச் சுருள், எடமாமே, இந்த மூன்றும் பெரும்பாலும் பயமில்லாதவை. மற்றதைப் பரிமாறுகிறவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், "மீன் தண்ணி சேர்த்ததா" என்று நேராகவே கேளுங்கள்.

ஜப்பானியக் கோயில்களில் மீனே இல்லாத சமையல் இருக்கிறது, சோஜின் ரியோரி என்பார்கள். கொம்பு என்கிற கடல்பாசியிலும் காய்ந்த காளானிலும் தாஷி எடுப்பார்கள், வெங்காயமும் பூண்டும்கூடச் சேராது. நம் விரதச் சமையலைப் போலவே. ஆனால் அது நாம் போகிற கடைகளில் கிடைக்காது.

நாளை மறுநாள் புரட்டாசி பிறக்கிறது. நான் எழுதியதை நம்பி யாராவது விரதத்தில் மிசோ குடித்திருந்தால் என்னை மன்னிக்க வேண்டும். தம்பி, இதைப் பார்த்ததும் ஒரு வரி போடுங்கள், பார்க்கவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

15 செப்டம்பர், காலை 8.05

பார்த்துவிட்டார். நிம்மதி.

15 செப்டம்பர், இரவு 9.40

விரதம் என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. போன வருடம் ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேரும் ஈப்போவில் உட்கார்ந்தோம். அன்றைக்கு லாரிக்கார நண்பனுக்குப் புது லாரி கிடைத்த சந்தோஷம். சால்மன் மீன், உனாகி என்கிற விலாங்கு மீன், பெரிய தெம்புரா என்று மேஜை நிறைந்துவிட்டது. குலை வெட்டும் நண்பன் மட்டும் வெள்ளரிக்காய்ச் சுருள் இரண்டு தட்டு எடுத்துவிட்டு, பச்சைத் தேநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். ஏன்டா என்றால், "இன்னிக்கு வெள்ளிக்கிழமைடா, விரதம்." எதிரில் இவ்வளவு மீன் சுற்றி வரும்போது ஒருவன் மனசை அடக்கி உட்கார்ந்திருக்கிறானே என்று எங்களுக்கு அவன் மேல் மரியாதை. சாமிக்கு நேர்ந்துகொண்டவன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் அங்கேயே சொன்னேன். கூட்டத்தில் சைவமாக ஒருவர் இருந்தால் அவருக்கு இரண்டு தட்டு சேர்த்தே வாங்கி வையுங்கள், தானாகக் கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதினேன்.

16 செப்டம்பர், காலை 10.00

கிளம்புவதற்குள் சின்னச் சின்ன விஷயங்கள். குச்சி பிடிக்க வராவிட்டால் சூஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், அந்த ஊரிலேயே அப்படிச் சாப்பிடுகிறார்கள். மேஜையில் ஒரு குழாய் இருந்தால் அது கொதிநீர், தேநீருக்கு. கை கழுவும் குழாய் என்று நினைத்துப் பிள்ளைகள் கை வைத்துவிடுவார்கள். வசாபி பச்சையாக இருக்கும், புதினாச் சட்னி என்று அள்ளிவிடாதீர்கள், மிளகாய் நாக்கில் ஏறும், இது கடுகைப் போல நேரே மூக்கில் ஏறும். குச்சியைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள், செத்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் ஜப்பானியர் அப்படி நடுவார்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு எதையும் மாற்றவும் கூடாது. தகனம் முடிந்தபின் எலும்பைக் குச்சியால் எடுத்துக் கைமாற்றுவது அவர்கள் முறை. அஸ்தி எடுக்கப் போயிருக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

18 செப்டம்பர், இரவு 11.20

தம்பி போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார், சந்தோஷம். சைவ நண்பருக்கு அவகாடோச் சுருள் ரொம்பப் பிடித்ததாம். ஆளுக்கு 47 வெள்ளியாம்.

அவருக்குக் கீழே ஒரு அக்கா எழுதியதற்குத்தான் இப்போது பதில். "ஜப்பான்காரன் சாப்பாட்டை எப்படித்தான் மனசு வந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். அக்கா, அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் இருந்தது. யுத்தத்தில் ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்திருந்தபோது, என் பாட்டியின் அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் அந்தத் தண்டவாளம் முடிந்தது. அவர் திரும்பி வரவில்லை. பாட்டிக்கு அப்போது ஆறு வயது. மரவள்ளிக்கிழங்கு தின்றே வளர்ந்தவர், கடைசி வரைக்கும் அந்தக் கிழங்கை வீட்டுக்குள் விடவில்லை. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது, அதைத் தொட்டால் அடி விழும். பாட்டி இருக்கிற வரைக்கும் சூஷி என்ற சொல்லை நான் வீட்டில் சொன்னதில்லை.

அதே 1943இல் பாட்டியின் சித்தப்பா, ஜப்பான்காரனோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்த நேதாஜியின் படையில் சேர்ந்தார். ஒரே குடும்பம், ஒரே வருடம். ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் நேதாஜியிடம் தலைமையை ஒப்படைத்தவர் ராஷ் பிஹாரி போஸ். அவர் 1915இல் வெள்ளைக்காரனுக்குத் தப்பி ஜப்பானுக்குப் போய், தோக்கியோவின் ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற ரொட்டிக் கடைக் குடும்பத்திடம் ஒளிந்திருந்து, அந்த வீட்டு மகளையே கல்யாணம் செய்துகொண்டார். 1927இல் அந்தக் கடை உணவகம் திறந்தபோது, எலும்போடு சேர்ந்த கோழிக்கறியும் சோறும் நம் நாட்டு முறையில் போடவைத்தது அவர்தான். ஜப்பானில் அதற்கு முன்பே கறி உண்டு. வெள்ளைக்காரர் வழியாக வந்த, மாவு கரைத்த கெட்டிக் குழம்பு அது. இன்றைக்கு நமக்குக் கட்சுவோடு வருவது அந்தக் குழம்பின் வழிதான், போஸ் கறி தனி.

அக்கா, உங்கள் மனசு கேட்காவிட்டால் சாப்பிட வேண்டாம். அதில் தப்பே இல்லை. நான் சாப்பிடுகிறேன், பாட்டியை நினைக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

21 செப்டம்பர், இரவு 8.30

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். குலை வெட்டும் நண்பன் அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன்.

15ஆம் தேதி நான் எழுதிய விரதக் கதையை அவன் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை கூப்பிட்டான். "டேய், அன்னைக்கு விரதமெல்லாம் இல்லடா. மெனுவப் பார்த்தேன். வெள்ளரிக்காதான் கட்டுபடியாகும்னு அதை எடுத்தேன். ரெண்டு தட்டு, பத்து வெள்ளிக்குள்ள முடிச்சுக்கலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்குப் பில் 290 வெள்ளி. ஐந்தால் வகுத்தோம், ஆளுக்கு 58. வகுத்தது நான். அவன் மணிபர்சைத் திறந்து ஐம்பதும் ஐந்தும் ஒன்றும் ஒன்றும் ஒன்றுமாக எடுத்து வைத்தது இப்போது கண்ணுக்குள் நிற்கிறது. போன வருடம் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 57 வெள்ளி 69 காசு. அவன் குலை எடைக்குக் கூலி வாங்குகிறவன், மழை மாதத்தில் அதுவும் குறையும். விடிகாலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்று, நீட்டு அரிவாளைத் தூக்கிக்கொண்டு காடு முழுக்க நடந்த ஒரு முழு நாள் கூலி, இரண்டு தட்டு வெள்ளரிக்காய்க்கும் நான்கு கோப்பை தேநீருக்கும் போயிருக்கிறது. நாங்கள் தின்ற உனாகிக்குப் போயிருக்கிறது என்பதுதான் சரி.

அப்புறம் நான் அவன் பக்தியைப் புகழ்ந்தேனே. அந்த வார்த்தை இப்போது என்னைக் குத்துகிறது.

அந்தக் காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். போனை வைத்துவிடுவேன் என்றான். "அடுத்த தடவை நான் சொல்ற கடைக்கு வாங்க, அது போதும்" என்றான்.

14ஆம் தேதி இரவு சமமாக வகுக்கச் சொன்னேனே, அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். சுற்றும் சூஷிக் கடையில் விலைக்கு ஒரு நிறமாகத் தட்டு வைத்திருப்பது எண்ணுவதற்காகத்தான். மூன்று தட்டு சாப்பிட்டவன் மூன்று தட்டுக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து எழுந்து போகலாம். எண்ணுவது நட்புக்கு அழகில்லை என்று நான் நினைத்தது, கையில் காசு இருக்கிறவனின் நினைப்பு.

தம்பி, உங்களைக் கேட்கிறேன். 47 வெள்ளி போட்டீர்களே, உங்கள் மேஜையில் யார் முன்னால் தட்டு குறைவாக இருந்தது?

22 செப்டம்பர், காலை 7.00

தம்பி பதில் போட்டிருக்கிறார். சைவ நண்பர் முன்னால்தானாம், மூன்று தட்டு. அவரிடம் பேசுகிறேன் என்கிறார். பேசுங்கள். காசைக் கையில் திணிக்காதீர்கள், அடுத்த சாப்பாட்டில் சரிக்கட்டுங்கள். நான் திணிக்கப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

28 செப்டம்பர், இரவு 10.50

நண்பன் சொன்ன கடைக்குப் போய் வந்தோம். நம் ஊர் பசார் மாலாம், இரவுச் சந்தை. ரொட்டி ஜோன் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவில் ஒரு சின்ன மேஜை, விளக்கு வெளிச்சத்தில் வரிசை வரிசையாக சூஷி, எதை எடுத்தாலும் ஒன்று ஒரு வெள்ளி. இடுக்கியால் நாமே எடுத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். பச்சை மீன் கிடையாது, இந்த வெக்கையில் அது சரிதான். நண்டுக்குச்சி, முட்டை, சோளம் மயோனிஸ், சிவப்பு மீன்முட்டை. நண்டுக்குச்சியில் நண்டு இருக்காது, அரைத்த மீன்தான்.

முப்பது துண்டு எடுத்தான். முப்பது வெள்ளியையும் அவனே கொடுத்தான். ஆசிரியைத் தோழிக்குப் புரட்டாசி என்பதால் வெள்ளரிக்காய் தனிப்பெட்டியில், வேறு இடுக்கியால். அந்தக் கவனம் எனக்கு வந்திருக்காது. திடல் ஓரத்தில் மோட்டார் சீட்டில் பெட்டியைத் திறந்து வைத்துக் கையாலேயே சாப்பிட்டோம். மலாய் நண்பர் கரும்புச்சாறு வாங்கி வந்தார். ஒரு குட்டிப் பெண் வந்து வசாபிப் பொட்டலத்தைக் காட்டி இது என்ன பச்சைக் கலர் என்று கேட்டாள். கடுகு, எரியும் பாப்பா, என்று நண்பன் பக்குவமாகச் சொல்லி, சோளம் போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

சோறு ஈப்போ கடையில் நன்றாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். இங்கே அழுத்திப் பிடித்த சோறு, வினிகர் கொஞ்சம் தூக்கல். ஆனால் அவன் சாப்பிடுவதை நான்கு வருடத்தில் அன்றைக்குத்தான் நிறைவாகப் பார்த்தேன். சோள சூஷி அவனுக்கு உயிராம். எனக்கு அது தெரியவே தெரியாது.

12 அக்டோபர், இரவு 9.15

தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை என்று இன்று மத்தியானம் ஐந்து பேரும் ஈப்போவுக்குப் போனோம். வாட்ஸ்அப்பில் மூன்று நாளைக்கு முன்பே பேசி முடித்தாயிற்று: ஆளுக்கு ஆள் தட்டு, அவரவர் கணக்கு, வரியும் சேவைக் கட்டணமும் அவரவர் தட்டுக்குத் தக்கபடி. லாரிக்கார நண்பன்தான் கொஞ்சம் முணுமுணுத்தான், கணக்குப் பார்க்கிற கூட்டமாகிவிட்டோமே என்று. குலை வெட்டும் நண்பன் ஒன்றும் சொல்லவில்லை, சோளம் போட்ட தட்டு பட்டையில் வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தான். ஆசிரியைத் தோழிக்குக் காய்கறித் தெம்புராவைத் தனி எண்ணெயில் பொரிக்க முடியாது என்று கடைப்பெண் உண்மையைச் சொல்லிவிட்டாள். அதனால் எடமாமே இரண்டு கிண்ணம், வெள்ளரிக்காய் மூன்று தட்டு.

கடைசியில் கடைப்பெண் தட்டை எண்ண வந்தாள். எனக்கு ஐந்து. லாரிக்காரனுக்கு ஒன்பது. குலை வெட்டும் நண்பனுக்கு ஏழு, எல்லாம் ஒரே நிறம், விலை குறைந்த நிறம், அதில் நான்கு சோளம். கடைப்பெண் எண்ணி முடிப்பதற்குள் அவனே மொத்தத்தைச் சொல்லிவிட்டான், காசு வரைக்கும் சரியாக இருந்தது.